படமும் படச்சட்டமும்

அன்புக்குரியவரின் உருவத்தை இல்லத்திலே வைத்துப் போற்றும் வழக்கம் மிகப் பழமையானது. ஓவியனை அமர்த்திப் படம் எழுதுவிக்கும் செல்வம் படைத்தோருக்கே ஒரு காலத்தில் அது வாய்த்தது. எளியோர் இல்லத்துக்கும் அது வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டிலேயாகும். அவ்வாறு வந்த படம், ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, மரச்சட்டத்தையும் கண்ணாடியையும் விட்டு நீங்கி, மின்னொளி வீசும் சிறு திரையொன்றிற் குடிபுகுந்தது. அத்திரையே இலக்கமுறைப் படச்சட்டம் எனப்படுகின்றது. 'டிஜிட்டல் போட்டோ பிரேம்' என்று கடைகளில் விற்கப்படுவதும் அதுவே. பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் இக்கருவியின் வரலாறு, குடும்பங்கள் தம் நினைவுகளை எதிலே வைத்தன, யார் கையில் ஒப்படைத்தன என்பவற்றின் வரலாறுமாகும்.

1839ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், பாரிசு நகரத்து விஞ்ஞானக் கழகத்திலே பிரான்சுவா அராகோ என்னும் அறிஞர், லூயி தாகர் கண்ட நிழற்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 19ஆம் நாள் அதன் செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயடீன் ஆவியிற் காட்டி, கமெராவினுள் வைத்து ஒளிபடச் செய்து, பின்னர் இரச ஆவியால் உருவத்தைத் துலங்கச் செய்வதே அம்முறை. ஒரு தகட்டுக்கு ஒரு படந்தான். அதிலிருந்து மறுபடி எடுத்தல் இயலாது. விரல் பட்டாலே உருவம் அழிந்துவிடும். ஆதலால் அதனைக் கண்ணாடியிட்டு மூடி, வெல்வெற்றுத் துணி பதித்த சிறு பேழையில் வைத்தனர். பேழையைத் திறந்து, தகட்டைச் சற்றே சாய்த்துப் பார்த்தாலன்றி உருவம் தெளிவாகத் தோன்றாது. நேரே பார்த்தாற் பார்ப்பவர் முகமே அதிற் பளபளக்கும். அந்நாளிற் படமும் பேழையும் பிரிக்கவொண்ணாத ஒரே பொருளாய் இருந்தன. பேழை தொலைந்தால் முகமும் தொலைந்தது.

படத்தை அதன் பேழையிலிருந்து முதலிற் பிரித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்போட் ஆவார். 1841இல் அவர் உரிமம் பெற்ற முறையிலே, கமெராவிற் கிடைப்பது கருமையும் வெண்மையும் இடம் மாறிய எதிர்ப்படம். அதை வைத்துக்கொண்டு வேண்டிய அளவு நேர்ப்படங்களை அச்சிடலாம். 1854இல் பாரிசு நகரத்து திஸ்தேரி என்பார் ஒரே கண்ணாடித் தகட்டிற் பல சிறு படங்களை எடுத்து, அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டிக் குறைந்த விலைக்கு விற்கும் வழியைக் கண்டார். உற்றார் உறவினர் தம் படங்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளலாயினர். அவற்றைச் செருகி வைப்பதற்கென்றே அல்பம் என்னும் ஏடு தோன்றியது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் விற்பனைக்கு விட்ட கொடாக் கமெராவில் நூறு படங்களுக்குரிய சுருள் இருந்தது. படங்களை எடுத்து முடித்தவர் கமெராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார். படங்களும், புதுச்சுருள் இட்ட கமெராவும் அவருக்குத் திரும்பி வரும். அன்றுமுதற் படம் பெருகலாயிற்று. அந்தப் பெருக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

படம் பெருகப் பெருகச் சட்டத்தின் மதிப்பு குறையவில்லை; கூடிற்று. ஏனெனில் ஏட்டிலே நூறு படம் இருக்கலாம். சுவரிலே இடம்பெறுவன நாலைந்துதான். தமிழர் இல்லத்து முன்மண்டபத்தில் எவர் படம் எவ்விடத்தில் தொங்கியது என்பதைக் கொண்டே அக்குடும்பத்தின் தலைமுறை வரிசையையும், எவர் மறைந்தார், எவர் பட்டம் பெற்றார் என்பதையும் அறியலாயிற்று. அதைத் தீர்மானித்தவர் வீட்டிலுள்ள மூத்தோரே. ஆணி அடிக்குமுன் ஆலோசனை நடக்கும்! இவ்வாறு தெரிந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் நன்று. பிற்காலத்து மாற்றத்தின் உயிர்நாடி அதிலே உள்ளது.

ஒரே இடத்திற் பல படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் எண்ணம், இலக்கமுறைக்கு முன்னரே நடைமுறைக்கு வந்துவிட்டது. கொடாக் நிறுவனம் 1961இல் வெளியிட்ட 'கரோசல்' என்னும் படம் வீழ்த்தும் கருவியில், வட்டத் தட்டொன்றில் 80 சிலைட்டுகளைச் செருகலாம். அறையை இருளாக்கி, வெண்டிரை கட்டி, குடும்பத்தார் கூடியிருந்து பார்ப்பர். அக்கருவிகளின் உற்பத்தி 2004இல் நிறுத்தப்பட்டது. எனினும் படங்கள் தாமே மாறிச் செல்லும் முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சிலைட் ஷோ' என்ற பெயர், சிலைட்டு மறைந்த பின்னும் இலக்கமுறைப் படச்சட்டத்திலே ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இனி, படம் இலக்கமாக மாறிய கதை. 1957ஆம் ஆண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய அளவைத் திணைக்களத்தில் ரசல் கேர்ஷ் என்னும் பொறியியலாளர், கணினிக்குக் கண் கொடுத்தால் என்ன என்று எண்ணினார். சுழலும் உருளையொன்றிற் படத்தைச் சுற்றி, அதன் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றது என்பதை ஒளியுணரும் குழாயொன்றினால் அளந்து, அவ்வளவைக் கணினிக்கு எண்ணாக ஊட்டினார். முதன்முதலில் அவ்வாறு ஊட்டப்பெற்ற படங்களுள் ஒன்று அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தையின் படம். பக்கத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவுள்ள அப்படம் 176 வரிசையாகவும், வரிசைக்கு 176 புள்ளியாகவும் பிரிக்கப்பட்டது. ஆக 30,976 புள்ளிகள். போர்க்கருவியன்று, நட்சத்திரமன்று, ஒரு தந்தை தன் பிள்ளையின் படத்தையே கணினியிடம் காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது. படம் எண்ணாகிய அக்கணத்தில் டல்போட் தொடக்கிய பிரிவு முற்றுப்பெற்றது எனலாம். தாள் வேண்டாம், தகடு வேண்டாம். எண்வரிசை கெடாதிருக்கும் வரை எத்தனை படி எடுத்தாலும் முதற்படிக்கும் நூறாவது படிக்கும் வேறுபாடு கிடையாது.

கமெராவே எண்ணாகப் படம் பிடிக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயிலும் ஜோர்ஜ் சிமித்தும் கண்ட மின்னேற்ற இணைப்புச் சில்லு ஒளியை மின்னாக மாற்ற வல்லது. அதனைக் கொண்டு 1975இல் கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் ஒரு கமெராவை அமைத்தார். அதன் நிறை 3.6 கிலோகிராம். பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 செக்கன்கள் பிடித்தன. அப்படத்தைப் பார்க்க அவர் பயன்படுத்தியது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஆகவே அந்தப் பெட்டியை இலக்கமுறைப் படச்சட்டத்தின் மூதாதை எனக் கொள்ளலாம். தம் படத்தைத் தொலைக்காட்சியிற் பார்க்க எவர் விரும்புவர் என்று மேலதிகாரிகள் ஐயுற்றதாகச் சாசன் பிற்காலத்திற் கூறியுள்ளார். அவர்களை நகைப்பதற்கில்லை. தாளிற் கையால் தொட்டுப் பார்க்கும் படத்துக்குப் பழகியவர்களுக்கு, மங்கிய திரையிலே நடுங்கும் உருவம் எவ்வாறு ஈடாகும்?

ஈடாவதற்கு வேறொரு திரை வேண்டியிருந்தது. அதன் கதை ஒஸ்திரியப் பேரரசின் பிராக் நகரில், கொடாக் கமெரா வெளிவந்த அதே 1888ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. பிரீட்றிக் ரைநிற்சர் என்னும் தாவரவியலார், கரட்டிலிருந்து பெற்ற கொலஸ்ரரோலைக் கொண்டு ஆக்கிய பொருளொன்றை உருக்கினார். அது 145.5 பாகை வெப்பத்திற் கலங்கிய திரவமாயிற்று, 178.5 பாகையிலே தெளிந்தது. இடைப்பட்ட அக்கலங்கல் நிலையே திரவப் பளிங்கு. திரவம் போல ஓடும். பளிங்கு போல ஒளியைத் திருப்பும். எண்பது ஆண்டுகள் இது பெரும்பாலும் ஆய்வுகூடப் புதுமையாகவே கிடந்தது. 1968இல் ஜோர்ஜ் ஹைல்மையரும் அவர் குழுவினரும் மின்னழுத்தத்தால் இப்பளிங்கை ஆட்டிப்படைத்துக் காட்சித்திரை அமைக்கலாமெனக் காட்டினர். கைக்கடிகாரத்திலும் கணிக்கும் பொறியிலும் முதலில் இடம்பெற்ற அத்திரை, வளர்ந்து மடிக்கணினிக்கு வந்தது. ஆழமான கண்ணாடிக் குழாய் தேவையற்ற, மேசைமேல் மெல்லிய பலகைபோல் நிறுத்தக்கூடிய திரை அவ்வாறுதான் கிடைத்தது.

எண்ணாக்கிய படம் பேரிடத்தை அடைப்பது இன்னோர் இடர். இதனைத் தீர்த்தோருள் பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது முதன்மையானவர். படத்திலுள்ள ஒளி மாற்றங்களை அலைகளாகப் பகுத்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளை விலக்கிவிடும் கணித முறையொன்றை அவர் நடராஜன், ராவ் என்போருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டார். அதற்கு முன் இவ்வாய்வுக்கென அவர் கேட்ட நிதி, கருத்து மிகவும் எளியதாயிருக்கின்றது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதாம். அவரே பின்னர் எழுதியது இது. அந்த எளிய கருத்தின் மீதே 1992இல் 'ஜேபெக்' என்னும் நியமம் எழுந்தது. உலகத்துக் குடும்பப் படங்களுள் மிகப் பெரும்பாலானவை இன்றும் அவ்வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன.

படத்தை வீட்டுச் சுவரிலே திரையாக மாட்டும் கனவை முதலிற் கண்டவர்கள் குடும்பப் படத்தை நினைத்தவர்கள் அல்லர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் பில் கேற்ஸ் 1989இல் ஒரு நிறுவனத்தைத் தொடக்கினார். பிற்காலத்திற் கோபிஸ் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் தொடக்க நோக்கம், உலகத்துச் சிறந்த ஓவியங்களையும் நிழற்படங்களையும் எண்ணுருவிற் சேர்த்து, இல்லச் சுவர்த்திரைகளில் மாறி மாறித் தோன்றச் செய்வதாகும். தம் மாளிகையிலும் அவர் அத்தகைய திரைகளை அமைத்தார். ஆனால் மக்கள் தம் சுவரிலே பார்க்க விரும்பியது உலகப் புகழ் ஓவியத்தையா, பேரப்பிள்ளையின் முகத்தையா? விடை சில ஆண்டுகளிலேயே தெரிந்தது.

1999, 2000 ஆகிய ஆண்டுகளையொட்டி இரு வேறு கருவிகள் சந்தைக்கு வந்தன. யப்பானிய சோனி நிறுவனத்தின் கருவி ஆறங்குலத்துக்கும் குறைந்த திரையுடையது. விலையோ ஏறத்தாழ 900 டொலர். அந்நிறுவனத்தின் நினைவுக் குச்சியைச் செருகினால் அதிலுள்ள படங்கள் தோன்றும். மற்றையது கலிபோர்னியாவிற் பிறந்த சேவா என்பது. இது விலை குறைந்தது. ஆனால் கருத்தால் உயர்ந்தது. சட்டத்தை வீட்டுத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்துவிட வேண்டும். எல்லோரும் உறங்கும் நேரத்தில் அது தானாகவே நிறுவனத்தை அழைத்து, உறவினர் இணையத்தில் இட்டுவைத்த படங்களை வாங்கிக்கொள்ளும். விடிந்ததும் புதிய முகங்கள் தெரியும். கணினியைத் தொட்டறியாத பாட்டி ஒருத்தியை மனத்திற் கொண்டே இது அமைந்தது எனலாம்.

முன்னர் சொல்லிய மாற்றம் நிகழ்ந்த இடம் இதுவே. நூறாண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தில் எப்படம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அச்சட்டம் இருந்த வீட்டார். இப்பொழுது தீர்மானிப்பவர் தொலைவிலுள்ள மகனோ மகளோ ஆயினர். வீட்டில் இருப்பவர் பார்ப்பவர் மாத்திரமே. பிள்ளைகள் கடல்கடந்து வாழும் குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. கனடாவிலோ இலண்டனிலோ பிறந்த குழந்தையின் முதல் நடையை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள முதியவர் அன்றே காணலாம். ஆயினும் தமக்கு வேண்டிய படத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டாததை விலக்கவும் அம்முதியவருக்கு யாரேனும் கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்பது முறையாகும். பெரும்பாலான கருவிகளில் அதற்கு வழி உண்டு. காட்டிக்கொடுப்பார் இல்லாமையே குறை.

2006ஆம் ஆண்டையடுத்துத் திரைகளின் விலை வீழவே, படச்சட்டம் அன்பளிப்புப் பொருளாயிற்று. மலிவானவற்றுட் பல ஏழங்குலத் திரையும், குறுக்கே 480, நெடுக்கே 234 புள்ளிகளும் உடையன. கமெராக்கள் எழுபது இலட்சம் புள்ளிகளில் எடுத்த படத்தை ஒரு இலட்சத்துப் பன்னீராயிரம் புள்ளியிற் காட்டினால் முகம் எப்படி இருக்கும்? பலர் ஏமாற்றமுற்று அவற்றைப் பரணில் இட்டனர். 2007ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அமெரிக்காவில் விற்பனையான சில சட்டங்களினுள்ளே, தொழிற்சாலையிலிருந்தே கணினி நச்சுநிரல் புகுந்திருந்ததும் கண்டறியப்பட்டது. அந்த வகை கடைகளிலிருந்து நீக்கப்பட்டது.

ஏமாற்றத்துக்குக் கருவி மாத்திரம் காரணமன்று. அதனை ஆயத்தஞ் செய்யும் முறையை அறியாமையும் காரணம். அம்முறைகளுக்கும் வரலாறு உண்டு. சிறு கமெராக்களின் படம் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தினது. சுருள் கமெரா மரபில் வந்த பெரிய கமெராக்களின் படம் மூன்றுக்கு இரண்டு. சட்டத்தின் திரையோ தொலைக்காட்சியைப் பின்பற்றிப் பதினாறுக்கு ஒன்பதாக அமைவது வழக்கம். கருவியை 'நிரப்பு' என்று பணித்தால் தலையோ காலோ வெட்டுண்ணும்; 'நீட்டு' என்று பணித்தால் மெலிந்தவரும் பருத்துவிடுவர். 'பொருத்து' என்பதைத் தெரிந்தால் ஓரங்களிற் கருநிறப் பட்டை தோன்றும். ஆனால் முகம் முகமாகவே இருக்கும். அதுவே நன்று.

சில படங்கள் பக்கவாட்டிற் படுத்திருப்பதும் பலரைக் குழப்பிய ஒன்றாகும். 1995இல் யப்பானிய இலத்திரனியற் கைத்தொழிலார் வகுத்த நியமத்தின்படி, கமெராவை நிறுத்திப் பிடித்து எடுத்தாற் படத்தினுள்ளே 'இதனைத் திருப்பிக் காட்டுக' என்ற குறிப்பு மாத்திரம் பதியப்படும். படம் உள்ளபடியே கிடக்கும். பழைய சட்டங்கள் பல அக்குறிப்பை வாசிக்கமாட்டா. கணினியில் ஒருமுறை திருப்பிச் சேமித்துவிட்டால் இடர் தீரும். 2017க்குப் பின் வந்த அப்பிள் தொலைபேசிகள் ஜேபெக் அல்லாத புதிய வடிவிற் படங்களைச் சேமிப்பதும் இதுபோன்றதே; பழைய சட்டத்துக்கு அவற்றை ஜேபெக்காக மாற்றிக் கொடுக்க வேண்டும். மெமரி காட் எனப்படும் சிற்றட்டையிலும் தலைமுறை உண்டு. 1999இல் வந்த முதல் வகை இரண்டு கிகாபைற்றுக்கு உட்பட்டது. 2006இல் வந்தது முப்பத்திரண்டு வரை. 2009இல் வந்தது அதற்கும் மேல். பழைய சட்டத்திற் புதிய பேரட்டையைச் செருகி, கருவி பழுதென்று எறிந்தோர் உளர். படங்கள் பல கருவிகளிற் பெயரின் வரிசைப்படியே தோன்றும். ஆகையால் 001, 002 எனப் பெயரிட்டாற் குழந்தைப் பருவத்திலிருந்து திருமணம் வரை ஒழுங்காக நடக்கும்.

எத்தனை படம் இடலாம் என்றால் ஆயிரக்கணக்கில் இடலாம். இடுவது அறிவுடைமையன்று. ஐந்து செக்கனுக்கு ஒரு முகமாக ஓடும் சட்டத்தை எவரும் நெடுநேரம் பார்ப்பதில்லை. அது சுவர்க்கடிகாரத்தின் ஓசைபோலப் பழகி மறைந்துவிடும். நாற்பது ஐம்பது படங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றும் அரைமணி நேரமேனும் நிற்கும்படி அமைத்தால் மரச்சட்டத்தின் அமைதி ஒருவாறு திரும்பும். வெயில் நேரே படாத இடம், கண்மட்டத்து உயரம், இரவில் தானே அணையும் நேரக் குறிப்பு ஆகிய மூன்றையும் கவனித்தாற் போதும்.

கம்பியில்லா இணையத்தோடு சேர்ந்த சட்டங்கள் வந்தபின், படம் வீட்டிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றது என்ற நிலை தோன்றியது. பல நிறுவனங்களின் சட்டங்களுக்குப் படம் வழங்கிய பிரேம்சனல் என்னும் சேவை 2011இல் நின்றது. கொடாக் நிறுவனத்தின் இணையப் படக்களஞ்சியம் 2012 ஜூலையில் மூடப்பட்டு, அதிலிருந்த படங்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. ஊரிலுள்ள படப்பிடிப்பு நிலையம் மூடப்பட்டாலும் சுவரிலுள்ள படம் மறைவதில்லை. சேவை நின்றாலோ, அதை மாத்திரம் நம்பிய சட்டம் வெறுங்கண்ணாடியாகிவிடும். அட்டையில் உள்ளது நிலையானதென்றும் கருதற்க. அதிலே படத்தைத் தாங்குவது சிறைப்பட்ட மின்னேற்றம். மின்தொடர்பின்றி ஆண்டுக்கணக்கிற் கிடந்தால் அது மெல்லக் கசியும். எனவே சட்டத்தில் இருப்பது எப்பொழுதும் படியாகவே இருக்கவேண்டும். மூலம் வேறு இரண்டு இடங்களிலாவது இருத்தல் வேண்டும்.

இதனை இலங்கை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1983இலும் 1995இலும் வீடுவாசல் விட்டுப் புறப்பட்டோரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இல்லம் இழந்தோரும், பின்னர் வீட்டைக் கட்டினர், பாத்திரம் வாங்கினர். பெற்றோரின் ஒரே நிழற்படத்தை மீண்டும் பெற வழியற்றோர் பலர். 2011 மார்ச் 11ஆம் நாள் யப்பானின் வடகிழக்குக் கரையைப் பேரலை அழித்தபோது, இடிபாடுகளிடையே சிதறிக் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கிச் சேர்த்தனர். பூஜிபில்ம் நிறுவனத்தாரும் உதவினர். சேறு படிந்த தாள்களை நீரில் மெதுவாகக் கழுவி, கொடியிற் கட்டி உலர்த்தி, உரியவர் வந்து அடையாளங் காணும்படி பரப்பி வைத்தனர். சேற்றிற் புதைந்த தாள் வாய்திறந்து 'நான் இன்னார்' என்று சொல்லக்கூடியதாயிருந்தது. நீரிலூறிய கணினியும் சட்டமும் அவ்வாறு எளிதிற் சொல்லமாட்டா.

ஆகவே இலக்கமுறைச் சட்டம் வைத்திருக்கும் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு படங்களையேனும் தாளில் அச்சிட்டு வைத்தல் தகும். அச்சிடும்போது முன்னோர் செய்த ஒன்றை மறத்தலாகாது. பழைய படத்தின் பின்புறத்திலே 'தம்பியும் சின்னம்மாவும், நல்லூர்த் தேர்' என்றவாறு யாரோ எழுதி வைத்திருப்பார். இலக்கமுறைப் படத்திலே நாளும் நேரமும் தாமே பதியும், அதுவும் கமெராவின் கடிகாரம் சரியாயிருந்தால். அதில் நிற்பவர் பெயரை அது அறியாது. மை சிலவேளை ஊறி முன்புறத்துக்கு வரும். ஆதலின் மென்மையான பென்சிலால் அழுத்தாமல், முகத்துக்கு நேர்ப்பின்னே படாதபடி ஓரத்தில் எழுதுவர். இக்காலத்து வழுவழுப்பான தாளிற் பென்சில் பற்றுவதில்லை. அதற்கெனவுள்ள நிலைத்த மைப் பேனாவால் எழுதி, நன்கு உலர்ந்த பின்னரே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.